சுவரில் தேய்த்த தலை

முடிவு செய்துவிட்டேன். எனக்கு ஒரு கண்ணாடி ரூம் வேண்டும்.

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. வீட்டுக்குக் கிழக்கே கொஞ்சம் சமதளம் சும்மா கிடக்கிறது. நடுவட்டம் மாதிரி மலை ஊரில் சமதளம் என்பது கடவுள் மறந்துபோய் விட்டுவைத்தது. அதில் ஒரு ரூம். மூன்று பக்கமும் கண்ணாடி. நடுவில் நாற்காலி. நாற்காலியில் நான். கீழே வளைவில் கூடலூர் பஸ் முக்கி முனகி ஏறும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் பேசக் கூடாது. ஆயுள் முழுக்க டீ எஸ்டேட் ஃபேக்டரியில் ரோலர் சத்தத்துக்குள் கிடந்த ஃபிட்டருக்கு இது அதிகமா?

அதிகம்தான் என்றாள் சின்னம்மை. என் மனைவி. அதே இடத்தில் அவளுக்குச் சமையல்கட்டு வேண்டுமாம்.

"இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து நானும் அடுப்பும் செவுத்தையே பாத்துட்டு நிக்கறோம். ஒரு சன்னல் வேணும். நாலு பேரு உக்கார எடம் வேணும்."

"சமையக்கட்டுல நாலு பேரு எதுக்கு?"

"ஹால்ல உக்காத்தி வெச்சா வெறைச்சுப் போயிருவாங்க. அதுக்குத்தான்."

எங்கள் ஹால் அப்படி. முன்கதவு மேற்கே பார்த்திருக்கிறது. ஜூன் மாதம் காற்று கிளம்பினால் மழை மேலேயிருந்து வராது, பக்கவாட்டில் வரும். கதவடியில் சாக்கைத் திணித்து மூடினால் தீபாவளிக்குத்தான் திறப்பு. சொந்தக்காரன், பால்காரன், பக்கத்து வீட்டு கொர்னேலியஸ், எல்லாரும் பின்வாசல் வழியாக வந்து அடுப்படியில் குந்துவார்கள். நானும் அங்கேதான். அடுப்புக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருக்கும். அதுதான் என் ராஜ்யம். சின்னம்மை குழம்பு தாளிக்கப் போகும்போது என் காலை மிதிப்பாள். மிதித்துவிட்டு என்னையே திட்டுவாள். திரும்பி வரும்போது இன்னொரு மிதி.

கண்ணாடி ரூம் ஏன் கேட்டேன் என்று இப்போது புரியும்.

கட்டித் தரப்போகிறவன் மகன் ரவிக்குமார். கோயமுத்தூரில் இருக்கிறான். எங்கள் சண்டையை ஃபோனில் கேட்டுக் கேட்டு அவன் காது புளித்துப்போனது. ஆர்கிடெக்ட் ஒருத்தரை அனுப்புகிறேன், அவர் வந்து பார்த்து எதைச் சொல்கிறாரோ அதைத்தான் கட்டுவோம், இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள் என்றான். ஒத்துக்கொண்டேன். அவளும் ஒத்துக்கொண்டாள். ஜெயிக்கப்போவது நான்தான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அப்படியே தெரிந்திருக்கிறது.

வந்தது ஒரு பெண். சசிரேகா என்று பெயர். காலில் ரப்பர் பூட்ஸ். அளவு டேப்பை எடுக்கவே இல்லை. வாசலில் நின்றாள். பஞ்சு மாதிரி ஏறி வருகிற மூடுபனியைப் பார்த்தாள். அது எந்தச் சந்தில் நுழைந்து எந்த மூலையில் தேங்குகிறது என்று கூடவே நடந்து போய்ப் பார்த்தாள். மாட்டுக்குப் பின்னால் போகிற மாதிரி. பிறகு நாயைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அளவு எடுக்கலையா?"

"அளவு எங்கீங்கய்யா ஓடிப்போகுது? மொதல்ல இந்த ஊடு எப்படிப் பொழைக்குதுன்னு பாக்கறனுங்க."

"நாயில என்ன இருக்குது?"

"இத்தனை பெரிய வாசல் கெடக்குது. அத்தனையும் உட்டுப்போட்டு இவரு ஏனுங்க அந்தச் செவுத்தோட ஒட்டிப் படுத்திருக்காரு?"

பார்த்தேன். கிழக்குச் சுவர். உள்ளே அடுப்பு. வெளியே காலை வெயில். சுவரின் இரண்டு முகமும் சூடு. இத்தனை வருஷம் அந்த நாயைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். தடுக்கிக்கூட விழுந்திருக்கிறேன். யோசித்ததில்லை.

"காலேஜ்ல கம்ப்யூட்டர் வெச்சு இதைக் கணக்குப் போடுவோமுங்க. இவரு தூங்கிக்கிட்டே போட்டுட்டாரு" என்றாள்.

உள்ளே வந்தாள். சமையல்கட்டுக் கதவு நிலையில் ஓரிடம் மட்டும் கறுத்து மினுமினுத்தது. அதைத் தொட்டாள். "அம்மா, கொதிக்கற பாத்திரத்தோட திரும்பறப்ப இந்தக் கையில இங்க புடிச்சுக்குவீங்களா?"

சின்னம்மை அப்படியே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கை தானாகப் போய் அந்தக் கறுப்பில் உட்கார்ந்தது. அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சசிரேகா தரையைக் காட்டினாள். சிவப்பு சிமெண்டுத் தரை. அடுப்பிலிருந்து பின்வாசல் வரைக்கும் தேய்ந்து பளபளக்கிறது. முன்வாசல் பக்கம் போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது. அலமாரிப் பலகையில் மங்கலாக ஒரு வட்டம். உப்பு ஜாடி முன்னே இங்கே இருந்து பிறகு அங்கே போயிருக்கிறது, ஏன் என்று கேட்டாள். இவர் முழங்கை இடிபடாத இடமாகப் பார்த்து மாற்றி வைத்தேன் என்றாள் சின்னம்மை.

நான் மெஷின் ஆள். தண்டு சுழன்று தேய்ந்த புஷ்ஷைக் கையில் கொடுத்தால் லோடு எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லிவிடுவேன். இந்தப் பெண் முழு வீட்டையும் அப்படிப் பார்த்தாள். நான் யாரையும் லேசில் மெச்சமாட்டேன். அன்றைக்கு மெச்சினேன். மனதுக்குள்.

கடைசியாக என் பலகையிடம் வந்தாள். ஜாண் வைத்து அளந்தாள். என்னைப் பார்த்தாள்.

பனி கட்டிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அடுத்த வாரம் வந்து ஹாலைப் பார்க்கிறேன் என்றாள். ஹாலில் பார்க்க என்ன இருக்கிறது, வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேனே என்றேன்.

"நீங்க சொல்றதையும் எழுதிக்குவனுங்கய்யா. ஆனா தேய்ஞ்சு கெடக்கறதைத்தான் நம்புவேன்."

எனக்குப் பொறி தட்டியது.

ஹாலில் தேய்மானமே இல்லை. ஹாலை ஒருவரும் உபயோகிக்கவில்லை என்றால், உட்காரும் ரூம் இன்னொன்று எதற்கு என்று கேட்டுவிடுவாள். நான் நாள் முழுக்க ஹாலில்தான் கிடக்கிறேன், அந்தக் குளிரிலும் இருட்டிலும் பிடிவாதமாகக் கிடக்கிறேன் என்று தெரிந்தால்? பாவம், பெரியவருக்கு நல்லதாக ஒரு ரூம் கட்டுவோம் என்பாள். கணக்கு சரி. தேய்மானம்தானே வேண்டும்? ஃபிட்டருக்குத் தேய்மானம் செய்யத் தெரியாதா?

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். ஹாலில் நாற்காலியைச் சுவரோரம் போட்டேன். தலையில் தேங்காயெண்ணெயைக் கொட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து இப்படியும் அப்படியும் தேய்த்தேன். செங்கல் துண்டால் கதவிலிருந்து நாற்காலி வரை தரையை உரசினேன். பக்கத்தில் ஒரு ஸ்டூல். டீ தம்ளரின் அடியை நனைத்து அதில் வட்டம் வைத்தேன். மூன்று வட்டம்.

சின்னம்மை வந்து நின்றாள். "ஏனுங்க, தலைய எதுக்குச் செவுத்துல தேய்க்கறீங்க?"

"வலிக்குது."

"எண்ணெய் சொட்டுது?"

"அதுக்குத்தான் வலிக்குது."

சுவரைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். தைலம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். பாவம், வெகுளி என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் சசிரேகா வந்தாள். ஹாலுக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். நானும் நின்றுவிட்டேன். நான் போட்டது கோடு. அங்கே இருந்தது ரோடு. ஸ்டூலில் வட்டத்தின் மேல் வட்டம். ஜன்னல் கட்டையிலும் வட்டம். நாற்காலிக் கையில் பிசுக்கு. சுவரில் கை ஊன்றி எழுந்த தடம். ஆணியில் என் மப்ளர். கீழே பழைய பேப்பர் கட்டு. இத்தனையும் நான் செய்ததா? நடுவில் சளி பிடித்துப் படுத்துக் கிடந்தேன், சரியாக ஞாபகமில்லை. அப்புறம் புரிந்தது. சின்னம்மை வீடு கூட்டும்போது கண்டதையும் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறாள். தனக்கே தெரியாமல் எனக்கு உதவி செய்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. இருமி மறைத்தேன்.

சசிரேகா என் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்து பார்த்தாள். எண்ணெய்க் கறையின் உயரத்தை அளந்தாள். ஃபோட்டோ எடுத்தாள். கண் லேசாகக் கலங்கிய மாதிரி இருந்தது. ஜெயித்தேன் என்று நினைத்தேன். பிறகு சமையல்கட்டுக்குப் போனாள். என் பலகையில் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது.

படம் வரைந்துகொண்டு மறுபடி வந்தாள். தரையில் விரித்தாள். சின்னம்மை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் படத்தில் கண்ணாடி ரூமைத் தேடினேன்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாள். "மொத நாள் அந்தப் பலகையப் பாத்துட்டு மனசுக்குக் கஷ்டமாப் போச்சுங்க. இத்தன வருசம் ஒழைச்ச மனுசனுக்குத் தன்னோடதுன்னு ஒரு எடமே இல்லியேன்னு. ஊட்டுக்குப் போன ஒடனே உங்களுக்குன்னு ஒரு ரூம் வரைஞ்சேன். உங்க மகன் சொன்ன மாதிரியே மூணு பக்கமும் கண்ணாடி. பஸ் தெரியற மாதிரி."

"ஆங்" என்றேன்.

"அப்பறம் ஹாலைப் பாத்தனுங்களா. எத்தனை வருசத்து எண்ணெய், எத்தனை டீ. ஒருத்தரு ஒரு எடத்தோட அப்படிக் கலந்து கெடந்து நான் பாத்ததே இல்லீங்க. அதுல கை வெச்சா பாவம். கண்ணாடி ரூமை அழிச்சுட்டேன். ஹாலை அப்படியே உட்டுட்டேன். ஒரு ஆணி அடிக்க மாட்டோம்."

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? எண்ணெய் போன வாரத்து எண்ணெய் என்றா? தலையை நானே தேய்த்தேன் என்றா?

"பலகை?" என்றேன்.

"அது பூசணிக்காய்க்குப் போட்டதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

சமதளத்தில் சமையல்கட்டு. நாய் படுக்கும் சுவரை இடிக்காமல் அதிலேயே முதுகைச் சாய்க்கிற மாதிரி கல் திண்டு. அடுப்புக்கு எதிரே அகலமான ஜன்னல். பனி தேங்கும் மூலைக்கு வாசல் வைக்காமல் திருப்பியிருந்தாள். சின்னம்மை கை வைத்துத் திரும்பும் இடத்தில் வழவழப்பாக ஒரு மரத்தூண். எதிரியின் படம். ஆனால் குறை சொல்ல ஓரிடம் இல்லை. தேடினேன், இல்லை.

சசிரேகாவை வழியனுப்பிவிட்டு சின்னம்மை டீ கொண்டுவந்தாள். ஹாலுக்குத்தான் கொண்டுவந்தாள்.

"அந்த வட்டமெல்லாம்..." என்றேன்.

"நீங்க வெச்சது மூணு. வரிசையா, ரப்பர் ஸ்டாம்பு குத்துன மாதிரி. டீ குடிக்கறவன் அப்படியா வெப்பான்? அந்தப் புள்ளைக்கு எமகாதகக் கண்ணு. மாட்டியிருப்பீங்க. அதான் கொஞ்சம் கலைச்சு வெச்சேன்."

"எதுக்கு?"

"மொத நாள் பஸ்ஸேத்தப் போனனில்ல. ஐயாவுக்கு உக்கார எடமே இல்லீங்களான்னு வழியெல்லாம் கேட்டுச்சு. சன்னல் போச்சுன்னே நெனைச்சேன். ராத்திரி சோறு எறங்கலை. மக்காநாளு பாத்தா நீங்களே தலைய எடுத்துட்டுப் போய்த் தேய்க்கறீங்க." தம்ளரை ஸ்டூலில் வைத்தாள். "கும்பிட்டுக்கிட்டேன்."

நாற்பது பேரை வேலை வாங்கிய ஃபோர்மேன்கூட என்னை இப்படி வேலை வாங்கியதில்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சுவரில் கை ஊன்றிய தடத்தை என்னால்கூட அவ்வளவு இயல்பாகச் செய்திருக்க முடியாது.

மழை ஓய்ந்ததும் கட்டினார்கள். என்ன சொல்ல. வெளியே பனி அடைத்துக்கொண்டு நிற்கும், உள்ளே ஒரு இழை வராது. திண்டு அடுப்புச் சூட்டில் முதுகுக்குக் கதகதவென்று இருக்கும். கொர்னேலியஸும் அவன் மனைவி பிலோமியும் சாயங்காலம் வந்தால் எழுந்து போக மனசில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். சின்னம்மை இப்போது தாளிக்கும்போது வெளியே பார்க்கிறாள். பஸ்ஸைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இன்னைக்குக் கூட்டமே இல்லை" என்கிறாள். முன்னே அவள் முகம் அடுப்படியில் அப்படி இருந்ததில்லை. நான் திண்டின் ஓரத்தில் இருக்கிறேன். பூண்டு உரித்தால் உட்காரலாம் என்பது ஏற்பாடு. உரிக்கிறேன். பஸ் நன்றாகத் தெரிகிறது. யாரும் காலை மிதிப்பதில்லை.

ஆர்கிடெக்ட்டுகளுக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் வேலை முடியாதாம். தாங்கள் கட்டியதற்குள் ஜனங்கள் எப்படிப் பொழைக்கிறார்கள் என்று வந்து பார்ப்பார்களாம். நேற்று சசிரேகாவிடமிருந்து ஃபோன் வந்தது. "வா கண்ணு, வா" என்றாள் சின்னம்மை. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க. மப்ளரைக் கட்டிக்கிட்டு ஹாலுக்குப் போய் உக்காருங்க. உங்களை இங்க பாத்தா அந்தப் புள்ள மனசு ஒடைஞ்சு போயிரும்."

போனேன்.