பரல் அண்ணையின் மூத்தவளைப் பார்க்க வந்தவர்கள்

அரசாங்கம் வந்து தன்னைச் சோதிக்க வேண்டும் என்று ஆசையோடு காத்திருந்த மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் திருகோணமலையில் பிறந்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் உறவினருக்கே ஆளைத் தெரியாது. பரல் அண்ணை என்றால் உட்துறைமுகத்து நாய்கூட வாலாட்டும்.

வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். எங்கே போனாலும் பரல் என்று நாங்கள் சொல்லும் ஒரு வெறும் எண்ணெய்ப் பீப்பாயைக் காலால் உருட்டிக்கொண்டு போவார். ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இடமில்லை என்றதும் அதன்மேல் குந்தியிருந்து சாப்பிட்டார். மாப்பிள்ளையைவிட அவரைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்கள்.

நான் அப்போது ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரச அலுவலகத்தில் இருந்தேன். நச்சுக் கழிவைக் குறைக்கப் புதிய இயந்திரம் செய்தேன் என்று யாராவது வந்தால், அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று கொழும்புக் குழுவை அழைத்துச் சரிபார்ப்பிப்பது என் பொறுப்பு. பரல் அண்ணையும் ஒன்று செய்திருந்தார். வள்ளங்களின் அடியில் தேங்கும் கறுத்த எண்ணெய்த் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் தெளிந்து ஒரு பக்கம் வரும். நஞ்சு முழுவதும் ஒரு வாளிக்குள் அடங்கிவிடும் என்றார். பிள்ளைகள் இல்லாத அவர் அந்த மெஷினுக்கு வைத்த பெயர் மூத்தவள்.

"அனுமதி ஏன் அண்ணை? களவா ஓட்டுங்கோவன், ஆர் கேக்கப்போகினம்?" என்று எங்கள் கிளாக்கர் சீண்டினார்.

"என்ன கதை கதைக்கிறீர்? கலியாண எழுத்து முடியாமல் பிள்ளையை அனுப்பச் சொல்லுறீரோ?"

ஒவ்வொரு கிழமையும் அலுவலகத்துக்கு வருவார்; அங்கே நான் இல்லாவிட்டால் வீட்டுக்கே வந்துவிடுவார். "சேர், மாப்பிள்ளை வீட்டார் எப்ப வருகினம்?"

"கொழும்பு ஆக்களோ? இந்த மாதம் ஏலாது அண்ணை."

"அவள் காத்திருப்பாள் சேர். கடல்தான் காத்திருக்காது, கறுத்துக்கொண்டு போகுது."

ஒருவழியாக அந்த நாளும் வந்தது. மெஷினுக்குப் புதுப் பெயின்ட், குங்குமப் பொட்டு, மல்லிகைச் சரம். மேசையில் முறுக்கும் பயித்தம் பணியாரமும். சோதனை நடக்கும்போது செய்தவர் கிட்ட நிற்கக்கூடாது என்பது விதி. கயிறு கட்டி, அப்பால் ஒரு கதிரையில் அவரை இருத்தினோம். அங்கிருந்தே கத்தினார்: "பிள்ளை, பதறாதை! மெல்ல மூச்சு விடு!"

கொழும்பிலிருந்து வந்த அம்மணி, ஆரோடு பேசுகிறார் என்று கேட்டார். மகளோடு என்றேன். பாவம், அவர் சுற்றுமுற்றும் பெண்ணைத் தேடினார்.

மெஷின் ஓடியது. திரும்பத் திரும்ப அளந்தார்கள். உள்ளே போனதிலும் வெளியே வந்ததிலும் எண்ணெய் ஏறக்குறைய ஒரே சொற்ப அளவு. வாளி வெறுமையாகக் கிடந்தது. எங்கள் வள்ளத்துக் கழிவே இவ்வளவுதான் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். நானோ வெள்ளைச் சேட்டில் தெறிக்கும் என்று கிட்டவே போகவில்லை. "கழிவு குறைந்ததற்கு ஆதாரமில்லை" என்று சொல்லிவிட்டுக் குழுவின் பெரியவர் முறுக்கை எடுத்தார்.

அப்போது, சோதனைக்கு வள்ளத்துக் கழிவைக் கொண்டுவந்து தந்த மீனவர் சங்கத் தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார். "எப்பிடி சேர், நாத்தமே இல்லையே? நீங்கள் சொன்னபடியால் கழிவை மூண்டு தரம் சாரத் துணியாலை வடிச்சு, மேலை மிதந்த எண்ணெயையும் அள்ளிப்போட்டுத்தான் கொண்டுவந்தனாங்கள்."

 முதல்நாள் அவருக்குப் போன் எடுத்து, "கொழும்பிலை இருந்து பெரிய ஆக்கள் வருகினம், அவைக்கு முன்னாலை நாறக்கூடாது" என்று சொன்னவன் நான்தான். விருந்தாளிக்கு முன்னால் வீட்டைக் கழுவுகிற மாதிரி, சோதிக்க வேண்டிய கழிவையே கழுவிக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியவர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் வேறு கழிவை ஊற்றிச் சோதித்திருப்பார்கள். ஆனால் சோதனையைக் கெடுத்தது அதிகாரியே என்று வெளியில் வந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

பரல் அண்ணை கயிற்றைத் தாண்டி வந்தார். "விடுங்கோ சேர். நேர்மையாப் பாத்தனீங்கள், அது போதும். குறை என்ரை பிள்ளையிலைதான்." மல்லிகைச் சரத்தை அவரே கழற்றினார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. கிளிவெட்டியில் அவருடைய தங்கை வீட்டுக்குத் தேடிப் போனேன். "அண்ணை மன்னார்ப் பக்கம் போட்டார் ஐயா. போனும் வைச்சிருக்கிறேல்லை. மெஷினைப் போக முதலே பிரிச்சுப்போட்டார்" என்றார்.

மாலையில் கரையோரம் நடக்கிறேன். தண்ணீரில் எண்ணெய் வானவில் நிறத்தில் மினுங்குகிறது. மாப்பிள்ளை வீட்டார் எப்ப வருகினம் என்று என்னை மறித்துக் கேட்க ஒருவரும் இல்லை. அந்தத் தொல்லைக்காக இந்த வயதில் ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நான் இதை எழுதி அனுப்பும் வாரப் பத்திரிகையை அவர் வாசிக்கிறவர் அல்லர். மன்னாரில் கச்சான் கடலை சுற்றிய தாளாகவாவது இது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.

பரல் அண்ணை, மூத்தவளில் ஒரு குறையும் இல்லை. பிழை என்னுடையது. வாங்கோ அண்ணை, நான் இன்னும் அதே வீட்டிலைதான் இருக்கிறன்.