பீர் மைதீன் பிரெஞ்சுக்காரர்களை அழவைத்த மாலை

முப்பத்திரண்டு ஆண்டுகள் நொத்தேர் எனும் பிரெஞ்சுப் பத்திரப்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதிக் காய்த்த விரலோனே, பென்ஷன் மனுக்களின் பெருங்கடலைக் கால் நனையாமல் கடந்த கலமே, காரைக்கால் கண்ட பிரெஞ்சு வேங்கையே, பீர் மைதீன் பெருந்தகையே! உன் புகழ் பாடத் தொடங்குகிறோம். அவையோர் செல்பேசிகளை அணைத்துவிட்டுக் கேட்பீராக.

பிரான்ஸிலிருந்து நாடக விழாக்காரர் அறுவர் வந்திருந்தனர். அவர்கள் நெஞ்சுருகினால் நீலாயதாட்சியின் இசை நாடகக் குழு கடல் கடக்கும். உருகாவிட்டால் திருநள்ளாற்றுத் திருவிழாவோடு சரி. பாட்டின் பொருளை மேடையோரத் திரையில் பிரெஞ்சில் காட்டும் பெரும்பணி, "நமக்குத் தெரியாத பிரெஞ்சா?" என்று மார்தட்டிய நம் மாவீரனின் தோளில் ஏறியது. மூன்று வாரம் ஊண் மறந்து, உறக்கம் துறந்து, அகராதியைக் கேடயமாய் ஏந்திப் பொருதான். ஆயினும் ஐயகோ, அவன் அறிந்ததெல்லாம் மனு எழுதும் பிரெஞ்சு! அந்த மொழியில் அவனை யாரும் காதலித்ததுமில்லை, அவனிடம் அழுததுமில்லை.

மாலை ஆறு மணிக்கு, காரைக்காலை அடுத்த நெரவியூர்த் திடலில் போர் மூண்டது. ஆர்மோனியம் முழங்க, இளவரசியாகி நின்ற நீலாயதாட்சி, "உப்புக்காற்றே, என் மன்னவனை ஒருமுறை காட்டாயோ" என்று உருகினாள். திரை உரைத்தது: "கீழே கையொப்பமிட்டுள்ள நான், மேற்படி நபரை நேரில் காண அனுமதி வேண்டி விண்ணப்பிக்கிறேன்." இளவரசன் வாளுருவிப் பகைவனை அறைகூவினான், மூன்று வேலை நாட்களுக்குள் ஆஜராகும்படி திரை எச்சரித்தது. இறுதியில், மாண்ட கணவன் மார்பில் விழுந்து அவள் கதறிய கதறலில் நெரவிச் சனமெல்லாம் தேம்ப, திரையோ, "என் கணவர் காலமானதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன், சான்றிதழ் நகல் இரண்டு இணைப்பு" என்று அறிவித்துவிட்டு அசையாமல் நின்றது.

அறுவரும் தோள் குலுங்கினர், கைக்குட்டை எடுத்தனர், கண்ணைத் துடைத்தனர். பின்வரிசையில் கணினியருகே நின்ற பீர் மைதீன் அக்கண்ணீரைக் கண்டு விம்மினான். "கல் கரைந்தது! கோட்டை வீழ்ந்தது! காரைக்காலே, வெடி போடு!" என்று மனத்துள் முழங்கினான்.

அரிதாரம் வழியும் முகத்தோடு நீலாயதாட்சி வந்தாள். "அழுவலைங்க பாய், சிரிச்சிருக்காங்க. வயித்தப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சிருக்காங்க. அந்த வெள்ளக்காரம்மா இங்கிலீஷுல சொல்லிச்சு. காமெடி நாடகம்னு சேத்துக்கிறாங்களாம். நீங்க எழுதுனதுல ஒரு எழுத்த மாத்தக் கூடாதாம்."

வெட்கம் நம் வீரனை வீழ்த்தியது. பூமி பிளந்து தன்னை விழுங்குமாறு உரிய அதிகாரிக்கு மனுப் போடலாமா என்றுகூட எண்ணினான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. ஒங்க அழுகையெல்லாம் பாழாக்கிப்புட்டேன்."

"பாழாக்கித்தான்புட்டீங்க. மூணு வாரம் ஒத்திகையில தொண்ட கட்ட அழுதேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா பிரான்ஸு கெடச்சிருச்சே! பெட்டியக் கட்டுங்க பாய், வர்ற வெள்ளிக்கிழம கெளம்பணும். ஒங்களுக்கும் டிக்கெட்டாம்."

கேட்ட கணமே வெட்கம் புறமுதுகிட்டு ஓடியது. ஏழ்கடலும் எதிர்த்து எழுந்தாலும், எண்டிசையும் இருண்டு சூழ்ந்தாலும், பாரீஸ் மாநகர வீதியில் தன் மனுக்கொடியை நாட்டாமல் ஓய்வதில்லை என வஞ்சினம் உரைத்து, பாதிக் காரைக்காலைக் காகிதம் எழுதியே பிரான்ஸுக்கு ஏற்றி அனுப்பிய தன் வலக்கரத்தை வானோக்கி உயர்த்தி, விண்ணதிர நின்றான் வெற்றித் திருமகன்.

பீர் மைதீனிடம் பாஸ்போர்ட் இல்லை.