பதினெட்டுப் பக்கப் பேச்சு

இனிமேல் ஆபீசில் ஒருத்தனும் என்னை ரம்பம் என்று சொல்லக்கூடாது. அதற்கு ஒரே வழி, மேனேஜரின் பிரிவு உபசார விழாவில் நான் யாரென்று பேசிக் காட்டுவதுதான். இந்தச் சபதத்தைக் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

"ரம்பம்னா என்ன அர்த்தம்? நீயே சொல்லு."

"நீட்டி முழக்கிப் பேசி ஆளைக் கொல்றவங்களைச் சொல்வாங்க."

"அப்ப நான் ரம்பமா?"

"சேச்சே. ரம்பம் போய்ப் போய் வந்தாலும் கடைசில மரமாவது ரெண்டாகும். நீங்க பேசினா என்னங்க ஆகும்?"

"பக்கத்து வீட்டுக்காரர் என் பேச்சை எவ்வளவு ரசிச்சுக் கேக்கிறார், தெரியுமா?"

"அவர் காது மெஷினைக் கழட்டி வச்சுட்டுத்தான் நம்ம வீட்டுக்கே வர்றார்."

இவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவன் கிடையாது. மூன்று நாள் லீவு போட்டுப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். ஒரு வரியைக்கூட வெட்ட மனசு வரவில்லை. விழாவன்று அவளே சட்டைக்கு இஸ்திரி போட்டாள், பேச்சை உறையில் போட்டு என் கைப்பையில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் மைக்கைப் பிடித்ததும் டைப்பிஸ்ட் அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கணக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார். நான் அசரவில்லை. முதல் பக்கத்தை முழங்கினேன்.

"அன்று காலை ஒன்பது மணிக்கு முதன்முதலாக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த நம் மேனேஜர்..."

பக்கத்தைப் புரட்டினேன்.

"...நம்மிடமிருந்து கண்ணீரோடு விடைபெறுகிறார். நன்றி, வணக்கம்."

வாசித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கையில் மூன்றாவது தாள் இல்லை. அதற்குள் கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேனேஜர் என்னைக் கட்டிக்கொண்டு, "என் முப்பது வருஷத்தை இவ்வளவு சுருக்கமா யாருமே சொன்னதில்லைப்பா" என்று தழுதழுத்தார். "இனிமே உங்களை ரம்பம்னு சொன்னா என் நாக்கு அழுகிடும் சார்" என்றார் கணக்கர்.

சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

"நடுவுல இருந்த பதினாறு பக்கம் எங்கே?"

அவள் சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினாள். தட்டுத் தட்டாக, டப்பாக்களுக்கு அடியில் என் பேச்சு விரிந்து கிடந்தது.

"நல்ல கெட்டிப் பேப்பருங்க. மேல்தட்டு ரெண்டுக்குத்தான் பத்தலை. அடுத்து யாரு ரிடையர் ஆகிறாங்க?"