விசா வேதாசலமும் இரண்டாவது கல்யாணமும்

சென்னைக்குத் தெற்கே, விமானங்கள் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை உரசுவதுபோல் தாழப் பறக்கும் ஊர்களில், விசா நிபுணர் என்றோர் இனம் வாழ்கிறது. விமானத்தில் ஏறியவர்களை இந்த இனத்தில் சேர்ப்பதில்லை. ஏறியவனுக்குத் தான் போன வழி ஒன்றுதான் தெரியும். ஏறாதவருக்கு அல்லவா எல்லா வழியும் தெரியும்?

பொழிச்சலூரில் ஒருவர், ஊரப்பாக்கத்தில் இருவர் என்று பரவிக் கிடந்த இந்த இனத்தின் சேலையூர்ப் பிரதிநிதி, வேதாசலம். வயது ஐம்பத்து நான்கு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்ட். 1984-ஆம் ஆண்டு மைத்துனியின் கொழுந்தனாருக்குத் துணையாக அமெரிக்கத் தூதரக வாசல்வரை போய், வெயிலில் நான்கு மணி நேரம் அவருடைய டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய படிப்பு அந்த நான்கு மணி நேரம்தான். உள்ளே போன கொழுந்தனார் அன்றோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டார். வெளியே நின்றவரோ ஒன்பது வருடமாக அதையே பேசிக்கொண்டிருந்தார்.

யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் அவருடைய முதல் கேள்வி, "மாப்பிள்ளை எச்-ஒன்னா, கார்டா, சிட்டிசனா?" என்பதுதான். குலம், கோத்திரம், சம்பளம் எல்லாம் அப்புறம். "கார்டு" என்று யாராவது பெருமையாகச் சொல்லிவிட்டால், பரிதாபமாகப் பார்த்து, "க்ரீன் கார்டு பச்சையா இருக்கும்னு நெனச்சிட்டிருக்கீங்களா?" என்பார். எதிராளி அங்கேயே விழுந்துவிடுவார். அந்தக் கார்டை வேதாசலமும் கண்ணால் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

"நீங்க கிண்டி தாண்டினாலே வழி கேக்கறவரு. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்பார் அவருடைய மனைவி பாலாம்பாள்.

அதே தெருவில் இருந்தார் ஹனீஃபா பாய். மேற்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருடைய மகள் சித்திகாவுக்கும், பதினோரு வயதில் மாமாவோடு அமெரிக்கா போய் அங்கேயே குடிமகனாகிவிட்ட உமருக்கும், 1992 ஜனவரியில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கிடைத்த லீவில் மிச்சம் ஐந்தே நாள். ஐந்தாம் நாள் அவன் விமானம் ஏற, மனைவிக்கான மனு, சான்றிதழ், பதில், மறு பதில் என்று பதினான்கு மாதம் ஓடிப்போனது. அதுவரை அவர்கள் நடத்திய குடும்பமெல்லாம் ஏரோகிராம் என்ற நீலநிற வெளிநாட்டுக் கடிதத்திலும், ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலும்தான். ஒருவழியாக நேர்முகத்துக்கு வரச்சொல்லித் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. ஹனீஃபா பாய் ஒரே ஒரு தப்புதான் செய்தார். அதை வேதாசலத்திடம் காட்டினார்.

வேதாசலம் கடிதத்தைக் கைநீட்டித் தள்ளி வைத்துப் படித்தார். "இதுல ஒண்ணுமே எழுதல" என்றார்.

"ரெண்டு பக்கம் எழுதியிருக்கே சார்."

"எழுதாததுதான் பாய் முக்கியம். இது நிஜக் கல்யாணம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கா போறதுக்காகவே கல்யாணம் பண்ணிக்கிறவங்க எத்தனை பேர் தெரியுமா?"

"அட, நீங்களே வந்து சாப்பிட்டீங்களே சார்!"

"நான் சாப்பிட்டதுக்கு போட்டோ இருக்கா?"

இருந்தது. ஆல்பத்தில் வேதாசலம் மட்டும் பதினோரு படங்களில் இருந்தார். மாப்பிள்ளை பள்ளிவாசலில் ஆண்களுக்கு நடுவே, பெண் வீட்டில் பெண்களுக்கு நடுவே என்று நடந்த கல்யாணத்தில், இருவரும் சேர்ந்திருந்த படம் ஒன்றே ஒன்று. அதிலும் உமரின் பாதி முகத்தைச் சித்திகாவின் அம்மா குல்ஷனின் தோள் மறைத்திருந்தது.

வேதாசலம் ஆல்பத்தை மூடினார். "பாய், கல்யாணத்தை மறுபடி எடுத்துருவோம்."

நேர்முகத்துக்காக உமர் பத்து நாள் லீவில் வந்து இறங்கினான். போனபோது ஒல்லியாகவும் கருகரு மீசையோடும் போனவன், திரும்பியபோது கன்னம் உப்பி, மீசையை எடுத்திருந்தான். வேதாசலம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஹனீஃபா பாய் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, மாலை போட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஸ்டூடியோக்காரர் தனசிங்கை வரவழைத்துவிட்டார்.

"மாப்ள, கொஞ்சம் சிரிங்க. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன மாதிரி மூஞ்சிய வச்சிக்காதீங்க" என்றார் விவரம் தெரியாத தனசிங்.

"ஆயிருச்சே" என்றான் உமர்.

அதோடு விட்டாரா? ஆபீஸ் டைப்ரைட்டரில் மூன்று கார்பன் வைத்து நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளை அடித்துக்கொண்டு வந்தார். கட்டிலில் யார் எந்தப் பக்கம்? காலையில் எழுந்ததும் குடிப்பது என்ன? மாமியாருக்குப் பிடித்த காய் எது? தினமும் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை, பதினான்கு மாதம் கழித்து முகம் பார்த்துக்கொள்ளும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேள்வி நம்பர் ஒன்று, கேள்வி நம்பர் இரண்டு என்று வரிசையாகக் கேட்டு ஒப்பிக்கவைத்தார். அந்தப் பத்து நாளில் அவர்கள் இருவரும் தனியாகப் பேசியதைவிட அவரிடம் ஒப்பித்ததுதான் அதிகம்.

"அங்கிள், நாங்க எழுதிக்கிட்ட லெட்டரை எல்லாம் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று சித்திகா கேட்டாள்.

"அதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"பாதிக்கு மேல சண்டைதான்."

"வேண்டவே வேண்டாம். சண்டை போடற ஜோடிக்கு எவன் விசா குடுப்பான்?"

சித்திகா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை என்பதை வேதாசலம் கவனிக்கவில்லை.

நேர்முகத்தன்று அவரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். இருவரும் உள்ளே போனதும், "சார், இங்க நிக்கக் கூடாது, அந்தாண்ட போ" என்று காவலாளி விரட்ட, எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்றார். பொழுது போகவில்லை. பையில் வைத்திருந்த இரண்டாவது கல்யாணத்தின் உபரிப் படம் ஒன்றை எடுத்து ரசித்தார். நல்ல படம். பெண் தலைகுனிந்திருக்கிறாள். மாப்பிள்ளை பார்க்கிறான். மாலை பளிச்சென்று இருக்கிறது. மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதில் பெரிய எழுத்தில் மார்ச் 1993.

வேதாசலம் படத்தைக் கைநீட்டித் தள்ளி வைத்து மறுபடி படித்தார்; நிக்காஹ் நடந்ததோ 1992 ஜனவரியில். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பெண் தினமும் தபால்காரருக்காக வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. யாரிடமாவது கேட்டால் தேவலை. கேட்டுப் பழக்கமில்லை. இருந்தும், பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸோடு நின்றவரைக் கேட்டார்.

"சார், ஒருத்தர் உள்ள தப்பான போட்டோவைக் குடுத்துட்டா என்ன ஆகும்?"

"ஆயுசுக்கும் உள்ள விடமாட்டான்" என்றார் அவர், திரும்பியே பார்க்காமல்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"எனக்குத் தெரியும் சார்."

அந்தக் குரலை வேதாசலம் எங்கோ கேட்டிருக்கிறார். எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே நடந்ததை ஹனீஃபா பாய் ரொம்ப வருடம் கழித்துச் சொல்லித்தான் தெருவுக்குத் தெரியும். அதிகாரி உமரைப் பார்த்து, "உங்கள் மனைவி காலையில் முதலில் என்ன குடிப்பார்?" என்று கேட்டார். முதல் கேள்வி என்றால் முதல் பதில் என்றே மனப்பாடம் செய்திருந்த உமர், "இடது பக்கம்" என்றான். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஆல்பத்தைப் புரட்டினார். மீசை வைத்த மாப்பிள்ளை. மீசையில்லாத மாப்பிள்ளை. பெண் ஒருத்தியேதான். "உங்களுக்கு எத்தனை முறை கல்யாணம் நடந்தது?" என்று கேட்டார். உமர் சித்திகாவைப் பார்த்தான். அந்தக் கேள்வி நூற்றுப் பன்னிரண்டில் இல்லை.

சித்திகாதான் பேசினாள். "ஒரு தடவைதான் சார். இந்தப் படம் போன வாரம் எடுத்தது. எங்க தெருவில ஒரு அங்கிள் எடுக்கச் சொன்னார். எங்க கல்யாணத்துல நாங்க சேர்ந்து நின்ன போட்டோ ஒண்ணுதான் இருக்கு. ஆனா இது இருக்கு" என்று கைப்பையிலிருந்து ஏரோகிராம் கட்டை எடுத்து வைத்தாள். நாற்பத்தொன்று.

அதிகாரி நடுவிலிருந்து ஒன்றை உருவி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அவர் முதலில் தமிழில் வாய்விட்டுப் படித்தார். "மச்சான், எழுதினா முழுசா எழுதுங்க, இல்லாட்டி எழுதாதீங்க. இங்கே குளிர் அதிகம், நலம், நலமறிய ஆவல், இத எழுதறதுக்கு எதுக்கு ஏரோகிராம்? குளிருதுன்னு ரேடியோவிலேயே சொல்றான். நீங்க ராத்திரி சாப்பிட்டீங்களா, தனியா சாப்பிட்டீங்களா, அத எழுதுங்க." மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பதற்குள், உமர் அசட்டுச் சிரிப்போடு தலையைக் குனிந்துகொண்டதை அதிகாரி பார்த்துவிட்டார். அவர் விரலிலும் கல்யாண மோதிரம் இருந்தது. மொழிபெயர்ப்பை முழுக்கக் கேட்டாரோ இல்லையோ, சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தெருவில் இருக்கும் அந்த அங்கிள் பேச்சை இனி எந்த அரசாங்க விஷயத்திலும் கேட்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, முத்திரையை எடுத்தார்.

வெளியே வரும்போது உமர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். "நான் கேக்கத்தான் போறேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நம்மள ஃபோர்ஜரிக்காரங்க ஆக்கியிருப்பாரு."

கேட்கத்தான் சித்திகாவும் வந்தாள். ஆனால் எதிர்ப்பக்கத்தில், தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, வெளிறிப்போன முகத்தோடு, கையில் அந்தப் படத்தைக் கசக்கியபடி தரையில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். அவளைக் கண்டதும் அவர் தரையில் கையூன்றி எழுந்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்ட குரல் வேதாசலத்தின் குரல் மாதிரியே இல்லை.

"குடுத்துட்டாங்க அங்கிள்."

"நான் சொன்ன கேள்விதான் கேட்டாங்களா?"

சித்திகா உமரை ஒரு பார்வை பார்த்து அடக்கினாள். "எல்லாம் நீங்க சொன்னதுதான் அங்கிள்."

உள்ளே அத்தனை உண்மை பேசிவிட்டு வந்தவள், வாசலில் ஒரே ஒரு பொய் சொன்னாள். அதன் பலனைத் தாம்பரம் இன்னும் பல வருடம் அனுபவித்தது.

நுங்கம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறியபோது வேதாசலம் பேசவே இல்லை. சைதாப்பேட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரோம்பேட்டை வருவதற்குள் எதிரே இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், "சிட்டிசன் சம்சாரம் கேஸ் சார். ஆனா அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. எல்லாரும் ஒரு ஆல்பம்தான் எடுத்துட்டுப் போவாங்க" என்று ஆரம்பித்துவிட்டார். உமர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். சித்திகா, பதினான்கு மாதத்தில் முதல்முறையாக, யாரும் கேள்வி கேட்காமல் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறு வாரத்திலிருந்து மாடம்பாக்கத்திலிருந்தும் ஆட்கள் வேதாசலத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எங்கேயாவது, 'இது இப்படி இல்லையே, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு வேற மாதிரி நடந்ததே' என்று உங்கள் உதடு லேசாக அசைந்திருந்தால், தயவுசெய்து ஒரு தடவை உங்கள் வாசலை எட்டிப் பாருங்கள். கையில் கடிதத்தோடு யாராவது நின்றுகொண்டிருக்கப் போகிறார்கள்.