பிணத்துக்குப் போர்த்திய பொன்னாடை

உ

ஈஸ்ட் ஹாம், லண்டன்
10.10.2009

என்றும் மதிப்புக்குரிய அத்தான் அம்பலவாணன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை சுசிலாவின் கணவன் நவரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும், என் முழங்காலைத் தவிர, சுகம். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும், தொப்பி போடாமல் வெளியே போகவேண்டாம் என்று உங்கள் தங்கை சொல்லச் சொன்னா. இந்த வருடம் நாம் ஒருவருக்கொருவர் எழுதியதெல்லாம் அழுகைக் கடிதங்கள். இதையும் அழாத குறையாகத்தான் எழுதுகிறேன், ஆனால் காரணம் வேறு. வாசிக்கும்போது நீங்கள் சிரித்தால் அது என் தலையெழுத்து.

நிற்க. விஷயம் உங்கள் மருமகள், எங்கள் மகள் றொஷானியைப் பற்றியது. கண் பரிசோதனைக்கென்று நாலு வருடம் படித்த பிள்ளை, பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை செய்கிறாள். முதலாளி நல்ல மனிதர். முழுநேர வேலை தருகிறேன், மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று கேட்டிருக்கிறார். இவள் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் மிச்ச நாலு நாளும் நாடகம். இஸ்லிங்டன் பக்கம் ஒரு பப்பின் மாடியில் நாற்பத்தெட்டுக் கதிரை போட்ட சின்ன அரங்கு. டிசம்பரில் நத்தார் வரைக்கும் நாடகம் இரண்டு, பாட்டு நாடகம் இரண்டு, அதற்கு சீசன் என்று பெயர். மாம்பழத்துக்குத்தான் சீசன் உண்டென்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நத்தாருக்குப் போடும் பாட்டு நாடகத்தில் இவளுக்கு முதன்மைப் பாகமாம், அதற்கு ஒவ்வொரு நாளும் ஒத்திகையாம். ஆகவே கண்ணாடிக் கடையா, கதாநாயகியா என்று வீட்டில் ஒரே இழுபறி. பெற்ற மனம் பித்து அல்லவா, என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று, பென்சன்காரருக்குக் கழிவு விலையில் நாலுக்கும் சேர்த்து எனக்கும் சுசிலாவுக்கும் டிக்கெட் எடுத்தேன். சனியன் அங்கேதான் பிடித்தது.

முதல் நாடகம் ஏழரைக்கு என்று போட்டிருந்தது. எங்களுடைய ஆட்களின் நாடகம் ஏழரை என்றால் எட்டரைக்கு விளக்கேற்றி, பிறகு தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, ஒன்பதரைக்குத் திரை விலகும் என்பது உங்களுக்கும் தெரியும். அதைக் கணித்து, ஆறுதலாகப் புட்டும் சாப்பிட்டு, எட்டேகாலுக்குப் போய் இறங்கினோம். கதவைப் பூட்டிவிட்டார்கள். "ஏழரைக்கே தொடங்கிவிட்டது" என்றாள் வாசலில் நின்ற பெண்பிள்ளை. தலைமையுரைகூட இல்லையா என்று கேட்டேன், அவளுக்கு விளங்கவில்லை. இடைவேளையில்தான் உள்ளே விட்டார்கள். றொஷானி அந்த நாடகத்தில் சுங்க அதிகாரி, அவளுக்கு இருந்தது ஒரேயொரு வசனம், அதை அவள் ஏழு நாற்பதுக்கே சொல்லி முடித்துவிட்டாள்.

சூடு கண்ட பூனையாக, இரண்டாவதுக்கு ஐந்து மணிக்கே போய் வாசலில் நின்றோம். அது பாட்டு நாடகம். வெறுங்கையோடு போகலாமா என்று உங்கள் தங்கை மீன் ரோல்ஸ் அறுபது பொரித்துக்கொண்டு வந்தா. இடைவேளையில் கொடுப்போம் என்றேன், ஆறினால் நல்லாயிராது என்று அவ, கதாநாயகி புருஷன் போன துக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே வரிசை வரிசையாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டா. நான் பின்வரிசைகளுக்குக் கடதாசித் துடைப்பான் பங்கிட்டேன். கூட்டமாகப் பாடிய ஆறு பேரில் ஒருவன் மணம் பிடித்து எச்சில் விழுங்கியதில் சுருதி போய்விட்டது. அந்த ஆறு பேரில் றொஷானியும் ஒருத்தியாம். நான் துடைப்பான் கொடுத்து முடித்துத் திரும்ப, பாட்டும் முடிந்துவிட்டது.

மூன்றாவது நேற்று. நாடகம் முழுக்க எங்கள் பிள்ளை பிணம். வீட்டில் பத்து நிமிஷம் சும்மா இருக்கமாட்டாதவள், ஒன்றேகால் மணித்தியாலம் இமை அசையாமல் கிடந்தாள். சுற்றி ஐந்து வெள்ளையர்கள் நின்று வீடு யாருக்கு என்று சண்டை. சுசிலா என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினா. திடீரென்று விளக்கு முழுவதும் அணைந்தது. அங்கே திரையும் கிடையாது. ஒருவரும் கைதட்டவில்லை. பாவம், கௌரவிப்புக்காகக் காத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்து, நாடகத்தை இயக்கிய நெறியாளருக்கென்று ஹை ஸ்ட்ரீட்டில் வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு, இருட்டில் தட்டித் தடவிப் போனேன். முதல் வரிசையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் மேடைதான். விளக்கு வந்தது. நான் நடுவில், விரித்த பொன்னாடையோடு. நெறியாளரைக் காணோம். ஓடுவதற்கு முழங்கால் விடாது. விரித்த பொன்னாடையைப் போர்த்தாமல் மடிக்கவும் கூடாது. ஆகவே பக்கத்தில் கிடந்த ஆளுக்குப் போர்த்தினேன். அது என் மகள்.

குனிந்து ஓரத்தைச் சரிசெய்யும்போது, உதடு அசையாமல் பிணம் கேட்டது, "அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"முடிஞ்சுதே பிள்ளை?"

"இன்னும் ரெண்டு சீன் கிடக்கு. கும்பிட்டிட்டுப் போங்கோ."

கும்பிட்டேன். வந்து இருந்தேன். அடிக்க வரப்போகிறார்கள் என்று பார்த்தால், பின்னால் இரண்டு பேர் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கிறது. நாடகம் முடிந்ததும் பச்சைத் தலைமுடியோடு ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள்தான் நெறியாளராம். இந்த நாடகம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் வந்து இதேபோல் போர்த்த வேண்டுமாம். முப்பது வருடம் தபால் கந்தோரில் மரியாதையாக முத்திரை குத்தியவன், கூத்தாட வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, கொண்டுபோன தேத்தண்ணிப் பிளாஸ்க்கையும் அங்கேயே விட்டுவிட்டு வெளிக்கிட்டேன்.

ஈஸ்ட் ஹாமில் ரெயிலை விட்டு இறங்கும்போது றொஷானி சொன்னாள். "அப்பா, மூண்டு தரம் வந்து நீங்கள் என்னை ஒருக்காத்தான் பார்த்தனீங்கள். அதுவும் செத்த பிறகு."

அத்தான், அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாடகத்தால் ஒரு குடும்பத்துக்கு வரும் கேட்டைப் பார்த்தீர்களா? உங்கள் சொல்லுக்கு மட்டும்தான் அவள் கட்டுப்படுவாள். நாடகத்தை விட்டு, கண்ணாடிக் கடைக்கு ஓம் சொல் என்று நாலு வரி கண்டிப்பாக எழுதிவிடுங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்களுக்குச் சர்க்கரை கூடாமலும் வாகனம் பனியில் சறுக்காமலும் நல்லூரான் துணை நிற்பானாக.

இங்ஙனம்,
கூத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லாத
நவரத்தினம்

பி.கு.: அண்ணை, இது சுசிலா. இந்தக் கடிதத்தைத் தபாலிலை போடச் சொல்லி என்னட்டைத் தந்து பத்து நாள். கைப்பைக்குள்ளை கிடந்ததை மறந்துபோனன், அதுவும் நல்லதாப் போச்சு. எழுதின அண்டு பின்னேரமே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போன மனிசன், அண்டு தொடக்கம் ஒவ்வொரு நாளும் மேடையிலை. போர்த்தேக்கை பிள்ளை துணிக்குக் கீழாலை இவரின்ரை சின்ன விரலைப் பிடிக்கிறவளாம், அதைச் சொல்லி என்னட்டை அழுதவர். முந்தநாள் றொஷானி, "சரியப்பா, நான் கடை வேலைக்கே போறன், பாட்டு நாடகம் வேண்டாம்" எண்டாள். மனிசன் துள்ளிக் குதிக்கும் எண்டு பார்த்தன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு எழும்பிப் போயிட்டார். நேற்றுக் காலமை கழுத்துப்பட்டியும் கட்டி, பார்க்கிங்குக்குப் போய், தை மாதம் வரைக்கும் பொறுங்கோ எண்டு முதலாளியை ஓம் எண்ட வைச்சு, நத்தார் நாடகத்துக்கு எங்கடை ரெண்டு டிக்கெட்டையும் அவருக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறார். ஆனபடியால் பிள்ளைக்கு நீங்கள் ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ. மிச்சம் பிறகு எழுதிறன் அண்ணை. மணி நாலரைதான், பொன்னாடையை அயன் பண்ணி மடிச்சுக்கொண்டு வாசலிலை நிண்டு சத்தம் போடுறார், "கெதியா வெளிக்கிடு, பிந்தினால் நாங்கள் உள்ளுக்கு விடமாட்டம்" எண்டு.