பாகுவுக்கு வந்த கண்டமும் சமுத்திர கஸ்தூரியும்

மைசூர் சரஸ்வதிபுரத்துக் கல்யாண மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் எதுவும் இல்லை. ஆனாலும் நிற்க இடமில்லை. எல்லார் கையிலும் ஒரு கூடை. கூடைக்குள் ஒரு பூனை. மேடையில் எழுந்தருளியிருந்தவர் ஸ்ரீ மார்ஜாலானந்த சுவாமிகள். மனிதர்களுக்குப் பலன் சொல்ல ஊரில் ஆள் நிறைய இருப்பதால், சுவாமிகள் பெரிய மனது பண்ணிப் பூனைகளுக்கு இறங்கி வந்திருந்தார். யூடியூபில் அவருக்கு இரண்டு லட்சம் பக்தர்கள். பூனையின் ஆயுளைச் சொல்ல அவருக்கு நாளும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். பூனையே சொல்லிவிடும்!

முறை இதுதான். மேடையில் இரண்டு மணைகள். ஒன்றின்மேல் வெள்ளைத் துணி, அது ஆயுள். மற்றதன்மேல் சிவப்புத் துணி, அது மரணம். நடுவில் இறக்கிவிட்ட பூனை எதில் போய் உட்காருகிறதோ அதுதான் அதன் விதி. காலையில் புதிதாக வரும் பூனைகள் எல்லாம் சிவப்பில் உட்காரும். பரிகாரம் முடித்து மதியம் வரும் பூனைகள் எல்லாம் வெள்ளையில் உட்காரும். இதுவரை ஒரு பூனைகூடத் தவறியதில்லை. இத்தனை ஒழுங்கான பூனைகளைப் பார்த்து அந்தப் படித்த கூட்டம் சந்தேகப்பட்டதா? கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மண்டபம் முழுக்க ஒரு நெடி. "சமுத்திர கஸ்தூரி! பாற்கடல் வாசனை" என்றார் சீடர் ஜடையன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பூண்டுகூடச் சேர்க்காத வீட்டுக்காரர்கள். கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தார்கள். புண்ணியம் நுரையீரல்வரை போயிற்று.

அந்தக் கூட்டத்தில் வங்கி ஊழியர் வைதேஹியும் இருந்தாள். அவள் கூடையில் எட்டு மாதப் பூனை. மைசூர்பாகு நிறம் என்பதால் பெயர் பாகு. பத்து நாளாக அதற்கு மூச்சு இரைத்தது. "இதயம் வீங்கியிருக்கிறது. சாப்பாட்டில் சத்துக் குறைவாலும் வரலாம், பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்து, இரண்டு மாதம் மருந்து கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். பாகு பிழைக்குமா என்று கேட்டதற்கு, "இப்போது தெரியாது" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் வைதேஹியின் தூக்கத்தைக் கெடுத்தது. தெரியும் என்று யாராவது சொன்னால் போதும் என்று தவித்தாள். அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தாள்.

துணைக்கு வந்தவள் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜோதிமணி. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி, நர்ஸ் வேலை. உள்ளே நுழைந்ததுமே அவள் மூக்கு விடைத்தது.

"வைதேஹிக்கா, இந்த வாசம்..."

"பாற்கடலாம்டி. சித்த சும்மா இரு."

பாகுவின் முறை வந்தது. மேடையில் இறக்கியதும் இப்படி அப்படி மோந்து பார்த்தது. நேராகச் சிவப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. வைதேஹிக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"கண்டம்!" என்றார் சுவாமிகள். "பதினோரு நாள் என் தீர்த்தம் மட்டும் கொடு. டாக்டர் வேண்டாம், மருந்து வேண்டாம், ஸ்கேன் கூடவே கூடாது. காணிக்கையை ஜடையனிடம் கொடு."

"ஏனுங் சாமி," என்று எழுந்தாள் ஜோதிமணி. "மணை ரெண்டும் அங்கயே இருக்கட்டும். துணிய மட்டும் மாத்திப் போட்டுப் பாக்கோணும். விதி துணியிலதான இருக்குது?"

"விதியை மாற்றுவதா? அபசாரம்!"

"பேடம்மா, பேடா! வேண்டாம்மா!" என்று கூட்டம் கன்னடத்திலும் தமிழிலும் அலறியது.

வைதேஹி அழுகையை நிறுத்தினாள். டாக்டரே வேண்டாம், மருந்தே வேண்டாம் என்றது அவளுக்கு எங்கேயோ உறுத்தியது. விறுவிறுவென்று மேடையேறினாள். பாகுவைத் தூக்கினாள், துணிகளை இடம் மாற்றினாள், மறுபடி நடுவில் இறக்கிவிட்டாள். பாகு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழைய மணைக்கே ஓடி, இப்போது வெள்ளைத் துணிமேல் உட்கார்ந்து வாலைச் சுருட்டிக்கொண்டது.

"பாருங்க, தீர்த்தம் இல்லாமயே கண்டம் தீந்துபோச்சு!" என்றாள் ஜோதிமணி. துணியை உருவி மணையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் பழுப்பாக ஒரு பூச்சு. "எங்கூர்ல இதுக்குப் பேரு கருவாட்டுத் தூளுங்க சாமி. காலையில இதுமேல செவப்புத் துணி, மத்தியானம் வெள்ளைத் துணி, அவ்வளவுதான உங்க விதி? உங்க பாற்கடல் எங்க குழம்புச் சட்டியில தினமும் கொதிக்குது!"

அதற்குள் யாரோ ஒரு கூடையைத் தவற விட்டார்கள். பிறகு எல்லாக் கூடைகளும் திறந்துகொண்டன. மணையில் தூளைப் பூசிய கை யாருடையது என்று பூனைகளுக்குத் தெரியாதா? பதினேழு பூனைகள் சுவாமிகள்மேல் ஏறின. காவி கிழிய அவர் தெருவில் ஓட, பின்னால் பூனைகள் ஓட, அவற்றின் பின்னால் காணிக்கைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜடையன் ஓடினார். கூச்சல் கேட்டு ரோந்து போலீஸ் ஜீப்பே எதிரில் வந்து நின்று, இருவரையும் பெட்டியோடு ஏற்றிக்கொண்டது.

கூட்டத்துக்குக் கோபம் வந்தது. ஏமாந்தோமே என்றா? அதுதான் இல்லை. "ஐயோ, மீனா! மூக்குல போயிடுத்தே!" என்று ஸ்நானம் பண்ண ஓடினார்கள். மருந்தை நிறுத்திய பூனைகளைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

திரும்பும் வழியில், "பாகுவுக்கு என்னக்கா சோறு போடறீங்க?" என்று கேட்டாள் ஜோதிமணி.

வைதேஹி தலைகுனிந்தாள். "தயிர் சாதம். எங்காத்துல வேற எதைப் போடறது? டாக்டர் கேட்டப்போ வெட்கமா இருந்தது. எல்லாம் சாப்பிடறதுன்னு சொல்லிட்டேன்."

"அட ஏனுங்க்கா! ஜூவுல புலிக்குப் புளியோதரையா போடறாங்க?"

வைதேஹி சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அப்போதே மருத்துவருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். சத்து மருந்தும் மீன் உணவு டப்பாவும் வந்தன. அவள் கணவர் ஆழ்வார் மூக்கைப் பொத்திக்கொண்டு, இடுக்கியால் டப்பாவைப் பிடித்து, பால்கனியில் தனித்தட்டில் பரிமாறுகிறார். தட்டு பளபளவென்று ஆகும்வரை பாகு நக்குகிறது.

பிழைக்குமா? "இரண்டு மாதம் ஆகட்டும். இன்னும் தெரியாது" என்கிறார் மருத்துவர். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டு வைதேஹிக்குத் தூக்கம் கெடுவதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரைத்தான் நம்பலாம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

சுவாமிகள் ஜாமீனில் வந்துவிட்டாராம். அடுத்தது நாய்களுக்கு அருள்பாலிக்கப் போகிறாராம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். மூளையைத்தான் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறீர்கள். மூக்கையாவது உள்ளே எடுத்துக்கொண்டு போங்கள்!