பன்னிரண்டும் இருக்கு

மூன்றாவது வாரத்தின் முதல் நாள் மாலை, ஆறாம் எண் காளான் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

காளான் என்றால் குழம்பு வைக்கிற காளான் இல்லை. கடல்நீர்த் தொட்டியில் பாறையை ஒட்டிக்கொண்டு வளர்கிற காளான் பவளம். நீலத்தில் பச்சைப் புள்ளி வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக விரிந்து கிடக்கும். மனைவியின் தொட்டியில் அப்படிப் பன்னிரண்டு இருந்தன. அவற்றுக்கு எண் போட்டவர் கணவர். அவர் ஒரு லேப்பில் பல்செட் செய்கிறவர். எதையாவது வரிசையாகப் பார்த்துவிட்டால் எண் போடாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

மனைவி ஆறு வாரப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். முடிந்ததும் ஒரு பெரிய பதவி காத்திருந்தது. ஆனால் அதில் மாதத்தில் பத்து நாள் ஊர் சுற்ற வேண்டும். வீட்டை இவரிடம் விட்டுவிட்டு எப்படி என்பதுதான் அவள் தயக்கம். புறப்படும்போது பெட்டியை வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"நான் திரும்பி வரும்போது இந்தத் தொட்டி இப்படியே இருந்தா, அந்த வேலைக்குச் சரின்னு சொல்லிடுவேன். நீங்க கையை மட்டும் உள்ள விடாதீங்க. அது போதும்."

அவருக்குச் சுருக்கென்றது. லேப்பில் அவர் கைக்கு இருக்கிற மரியாதையே தனி. ஒரு முடி கனம் பிசகினாலும் அவர் விரல் நுனி சொல்லிவிடும். வீட்டில் அதே கைக்கு ஒரு கண்ணாடி டம்ளரைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். காரணம் இல்லாமலும் இல்லை. சாட்சி சொல்லத்தான் அந்த டம்ளர்கள் இப்போது உயிரோடு இல்லை. ஆனாலும் அந்தப் பதவிக்காக அவள் எட்டு வருஷம் உழைத்ததை அவர் கூடவே இருந்து பார்த்தவர். தன் கையால் அது கெட்டுவிடக் கூடாதே என்று உண்மையாகவே பயந்தார்.

முதல் இரண்டு வாரம் பொன்னாகப் போயிற்று. தண்ணீர் குறைந்தால் ஊற்றினார்; மற்றபடி சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். மாலையில் வேறு விளக்கு போட மாட்டார். தொட்டியின் நீல வெளிச்சம் சுவரில் ஏறி, கூரையில் நெளிந்து, அவர் மடியில் வந்து படுக்கும். பம்பு முனகிக்கொண்டே இருக்கும். காளான்களின் ஓரம் மெதுவாக, மிக மெதுவாக எழுந்து தாழும். காலுறையைக் கழற்ற உட்கார்ந்தவர் ஒன்றைக் கழற்றி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். சோபா தரையை விட்டுக் கிளம்பிவிட்டதோ என்று சில நாள் குனிந்துகூடப் பார்த்தார்.

இந்த சுகத்துக்கு நடுவில்தான் ஆறாம் எண் சுருங்கியது. வெளிச்சம் போதவில்லை என்று முடிவு கட்டி, விளக்கின் குமிழை முழுசாகத் திருப்பிவைத்தார். மறுநாள் வந்து பார்த்தால் பன்னிரண்டும் சுருங்கியிருந்தன. ஆறாம் எண் பாறையையே கைகழுவிவிட்டுத் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. அலறி அடித்து விளக்கைத் தணித்தார். பதினொன்று அவரை மன்னித்து விரிந்தன. ஆறாம் எண்ணுக்குத்தான் போக்கிடம் இல்லை.

கை உள்ளே போயிற்று.

லேப்பிலிருந்து பசை கொண்டுவந்திருந்தார். பல்லையே பிடித்துவைக்கிற பசை. ஆனால் காளானின் உடம்பெல்லாம் வழவழப்பு. பசை அதை மட்டும் விட்டுவிட்டு அவர் ஆள்காட்டி விரலையும் பாறையையும் சட்டைக் கையையும் பிடித்துக்கொண்டது. விரலைப் பிய்த்து எடுத்தபோது காளான் இரண்டாகக் கிழிந்தது.

தரையில் உட்கார்ந்து அழுதார். தூக்கிப்போட மனசு வரவில்லை. ஒரு கிண்ணத்தில் சல்லிக்கல்லைப் பரப்பி, இரண்டு பாதிகளையும் படுக்கவைத்து, மிதந்து போகாமல் மேலே வலைத்துணி கட்டித் தொட்டியின் மூலையில் இறக்கினார். ஒரு வாரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எட்டிப் பார்த்தால் இரண்டும் வட்டமாகி, ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக இருந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தார். பதின்மூன்று.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஃபோனில் கேட்டாள். "பன்னிரண்டும் இருக்கா?"

"பன்னிரண்டும் இருக்கு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. பதின்மூன்றாவதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஆனால் வந்து எண்ணுவாளே. ஒன்று கூடினாலும் கை உள்ளே போனது தெரிந்துவிடும். உடைந்த பல்செட்டை இணைப்புத் தெரியாமல் ஒட்டுகிறவருக்கு இது ஒரு வேலையா? இரண்டு பாதிகளையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து, லேப்பின் மெல்லிய கம்பியால் கட்டினார். தினமும் அரைச் சுற்று முறுக்கினார். நான்காம் நாள் கம்பி தன் வேலையைச் செய்துவிட்டது. இரண்டும் குறுக்கே அறுந்து நான்காயின. மொத்தம் பதினைந்து.

அந்த வாரம் லேப் முதலாளி ஒரு கடைவாய்ப் பல்லை வெளிச்சத்தில் பிடித்து, இது ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார். அதன் ஓரம் லேசாக அசைகிற மாதிரி இவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

நான்கையும் பெரிய பாறைக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாம் என்று பாறையை ஒரு விரற்கடை நகர்த்தினார். மேலே இருந்த கல் சரிந்தது. தண்ணீருக்குள் எல்லாமே அவசரமில்லாமல்தான் விழுகிறது. அந்த அழகைப் பார்த்தபடி அவர் நின்றுவிட்டார். கல் ஒன்பது, பத்து, பதினொன்றின் மேல் போய் அமர்ந்தது. அதைத் தூக்கியபோது கிழிந்த ஓரங்கள் நான்கு மிதந்து வந்தன. பழையபடி கிண்ணம், கல், வலைத்துணி. பத்தே நாளில் அந்த நான்கும் ஆளாகிவிட்டன. பத்தொன்பது.

"பன்னிரண்டும் இருக்கா?" என்றாள் மனைவி, கடைசி ஞாயிறும்.

"இருக்கு" என்றார்.

அன்று மத்தியானம் சோபாவிலேயே கண்ணயர்ந்தார். சுவரெல்லாம் காளான் விரிந்திருந்தது. செருப்புக்குள், தலையணை மேல், தேநீர்க் கோப்பைக்குள். மனைவி பெட்டியோடு வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை. இருநூறு, இருநூற்றொன்று என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் எண்ணிக்கொண்டே போனாள். அதைக் கேட்க அவருக்கு இதமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அவள் வருவதற்கு முந்தைய நாள், சல்லிக்கல்லோடு ஏழு காளான்களை எடுத்து ஒரு மூடிபோட்ட வாளியில் வைத்து, தொட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடை முழுக்க அதே நீல வெளிச்சம். கனத்த கண்ணாடி போட்ட கடைக்காரர் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த நிறத்தை நான் ஒரு அம்மாவுக்குத்தான் குடுத்தேன். நீங்க அவங்க வீட்டுக்காரரா?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. விளக்கு, பசை, கம்பி, பாறை என்று ஒன்று விடாமல் கொட்டினார். இனி தொட்டியை மட்டும் இல்லை, எதையுமே தன்னை நம்பி அவள் விட்டுப் போக மாட்டாள் என்றார். எட்டு வருஷ உழைப்பு தன் கையாலாகாத்தனத்தால் வீணாகப் போகிறது என்றபோது கண் கலங்கிவிட்டது.

"அவ பன்னிரண்டை விட்டுட்டுப் போனா. நாளைக்கு வந்து எண்ணுவா. இந்த ஏழும் இங்கயே இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, புண்ணியமாப் போகும்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பன்னிரண்டா? அம்மா இங்கேருந்து வாங்கிட்டுப் போனது ஒண்ணே ஒண்ணுதான் சார். அப்புறம் 'பிஞ்சு போச்சு'ன்னு பதினோரு தடவை அழுதுகிட்டே ஃபோன் பண்ணாங்க."